ஸ்டெப்னியா, ரெண்டாவது இன்ஜினா? – பேக்கப் ஸ்ட்ரைக்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி



பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் அம்பகரத்தூர். காரைக்கால் மாவட்டம், திருநள்ளாறு பக்கம். பத்ரகாளியம்மன் கோயில் என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அறுவடை முடிந்த வயல்தான் எங்கள் ஸ்டேடியம். தாள் காலைக் குத்தும், பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று கடவுளுக்கே தெரியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேட்ச் நிற்காது.

அன்றைக்கு மேட்ச் முடிந்து உட்கார்ந்திருந்தபோது எங்கள் டீமோட நம்பர் 9 அண்ணன் சொன்னார்: "தம்பிகளா, வேலை கிடைச்சிடுச்சுடா. துறைமுகம் பக்கம். ஆனா ஷிப்ட் வேலை. எல்லா ஞாயித்துக்கிழமையும் வர முடியாது."

சந்தோஷமான செய்திதான். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தோம். ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கேள்வி. மே மாசம் செவன்ஸ் டோர்னமென்ட் இருக்கு. அன்றைக்கு அண்ணனுக்கு ஷிப்ட் விழுந்தால் கோல் அடிப்பது யார்?

நாலு பேர் வந்தது. ஒன்று, காரைக்கால் டவுனிலிருந்து காசு கொடுத்துக் கூட்டி வருகிற கெஸ்ட் பிளேயர். இரண்டு, பழைய ஸ்ட்ரைக்கர் மாமா. வயசு 38, முட்டி கொஞ்சம் தகராறு. மூன்று, பிளஸ் ஒன் படிக்கிற ஒரு தம்பி. நாலாவது பேர், வலது விங்கில் ஆடுகிற நான்.

நான் நேர்மையாக யோசித்தே ஆகணும் என்று உட்கார்ந்தேன். ஏனென்றால் இதே கேள்விக்குச் சரியான பதில் இல்லாமல் ஒரு சாம்பியன் டீம் கடைசி இடத்துக்குப் போனதை டிவியில் பார்த்தவன் நான். புதுச்சேரிக்கு ஐ.எஸ்.எல்-இல் தனி டீம் கிடையாது. சுற்றிலும் தமிழ்நாடு என்பதால் எங்களுக்கு சென்னையின் எஃப்சி-தான் சொந்த டீம். அதனால் அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

சாம்பியன் எப்படிக் கடைசிக்குப் போனது?

2018 மார்ச் 17. பெங்களூரில் ஃபைனல். பெங்களூரு எஃப்சி-யை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று ஜெயித்து சென்னையின் இரண்டாவது முறை சாம்பியன். அந்த சீசனில் ஜெஜே லால்பெக்லுவா 9 கோல். செமி ஃபைனலில் கோவாவை 3-0 என்று அடித்தபோது இரண்டு அவருடையது, இன்னொன்று நம்ம தனபால் கணேஷ் அடித்தது. ஜெஜேவுக்குப் பின்னால் அப்போது நைஜீரியாவின் ஜூட் நுவோரு, கேரளாவின் முகமது ரஃபி என்று இரண்டு பேர் இருந்தார்கள்.

அடுத்த சீசன் 2018-19. ஜூட் இல்லை. கார்லோஸ் சலோம் வந்தார். ஜெஜேவுக்கு ஃபார்ம் போய்விட்டது. சீசன் முழுக்க ஐ.எஸ்.எல்-இல் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். ஜனவரியில் சலோம் போய், கேரளா பிளாஸ்டர்ஸிலிருந்து சி.கே. வினீத் லோனில் வந்தார். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. 18 மேட்ச், 2 வெற்றி, 13 தோல்வி, 9 பாயின்ட். கடைசி இடம்.

எல்லாப் பழியையும் ஸ்ட்ரைக்கர் மேல் போடக்கூடாது. அந்த சீசனில் வாங்கிய கோலே 32. டிஃபென்ஸும் ஓட்டைதான். ஆனால் மெயின் ஸ்ட்ரைக்கருக்கு ஃபார்ம் போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த டீமிடம் பதில் தயாராக இல்லை. அது மட்டும் நிச்சயம்.

2019-20-இல் ஜெஜே முட்டிக் காயத்தால் ஆடவே இல்லை. ஆனால் லித்துவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ் வந்து 15 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கினார். டீம் ஃபைனல் வரை போனது. அடுத்த வருஷமே வால்ஸ்கிஸ், கோச் ஓவன் கோய்ல் இரண்டு பேரும் ஜாம்ஷெட்பூர் போய்விட்டார்கள். 2020-21-இல் இஸ்மா, யாகுப் சில்வெஸ்டர் என்று இரண்டு வெளிநாட்டு ஃபார்வர்டுகளை எடுத்தும் 20 மேட்ச்சில் 17 கோல்தான். 11 மேட்ச் டிரா. பாதி டிராவில் கூடுதலாக ஒரு கோல் விழுந்திருந்தால் டேபிள் எப்படி மாறியிருக்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

பேக்கப் என்றால் என்ன வேலை?

நம்மில் பல பேர் நினைப்பது இதுதான்: மெயின் ஸ்ட்ரைக்கர் பத்துக்கு ஒன்பது மார்க் என்றால் அதே மாதிரி ஒருத்தர், ஏழு மார்க், சம்பளம் கம்மி. கார் டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னி மாதிரி. பஞ்சர் ஆனால் எடுத்து மாட்டிக்கலாம்.

ஆனால் பேக்கப்பைத் தேடுகிற நேரம் மூன்று வகை.

முதல் வகை, மெயின் ஆளுக்குக் காயம். ஆறு வாரம், இரண்டு மாசம் என்று வெளியே. இப்போது தேவைப்படுவது 90 நிமிஷம் தாங்குகிற ஆள். வாரா வாரம் ஆடணும்.

இரண்டாவது வகை, மெயின் ஆளுக்குக் காயம் இல்லை, ஆனால் கோல் வரவில்லை. 2018-19 ஜெஜே மாதிரி. இங்கே தேவைப்படுவது கோச் துணிந்து மாற்றக்கூடிய ஆள். பெஞ்சில் நம்பகமான ஆள் இல்லையென்றால் கோச்சும் வேறு வழியில்லாமல் ஃபார்ம் இல்லாதவரையே திரும்பத் திரும்ப இறக்குவார்.

மூன்றாவது வகை, 70-வது நிமிஷம், 0-1 பின்னாடி. டிஃபென்டர்கள் இவரை ஒரு மணி நேரமாகப் பார்த்துப் பழகிவிட்டார்கள். இப்போது தேவைப்படுவது வேறு மாதிரி ஆள். மெயின் ஆள் வேகம் என்றால் இவர் உயரம். மெயின் ஆள் ஹெடர் என்றால் இவர் பின்னால் ஓடுகிறவர்.

மூன்றாவது வகைக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஓலே குன்னர் சோல்ஷயர். 1999 பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு எதிராக பெஞ்சிலிருந்து வந்து நாலு கோல். அதே வருஷம் மே மாசம் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிராக இன்ஜுரி டைமில் வெற்றி கோல். அந்த ஃபைனலில் சமன் செய்த கோலை அடித்த டெடி ஷெரிங்ஹாமும் பெஞ்சிலிருந்து வந்தவர்தான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே டிஃபென்டர்கள் எங்கே இடம் விடுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பது சோல்ஷயரின் பழக்கம். அது ஒரு தனித் திறமை.

நம்ம ஜெஜே கதையிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கு. 2019 ஜனவரி 6, ஆசியக் கோப்பை, அபுதாபி. இந்தியா – தாய்லாந்து. கிளப்பில் கோல் வராமல் தவித்துக்கொண்டிருந்த அதே ஜெஜே கடைசிக் கட்டத்தில் மாற்று ஆளாக இறங்கினார். 80-வது நிமிஷம் கோல்! இந்தியா 4-1. முழு மேட்ச்சின் பாரத்தையும் சுமக்கச் சொன்னால் திணறியவர், பத்து நிமிஷ வேலையைக் கச்சிதமாக முடித்தார். ஒரே ஆள், ஒரே மாசம், இரண்டு வேறு வேலை. (அவர் இப்போது மிசோரமில் எம்.எல்.ஏ. என்பது கூடுதல் தகவல்!)

இப்போது ஒரு மேட்ச்சில் ஐந்து மாற்று ஆட்கள் இறங்கலாம். 2020-இல் கோவிட் காரணமாகத் தற்காலிகமாக வந்த விதி, 2022-இல் நிரந்தரம் ஆனது. அதனால் பேக்கப் ஸ்ட்ரைக்கர் எப்போதாவது ஆடுகிறவர் என்ற காலம் போய்விட்டது. மேட்ச்சுக்கு 20 நிமிஷம் என்று வைத்தாலும் 24 மேட்ச் சீசனில் 480 நிமிஷம். அதாவது ஐந்து முழு மேட்ச்சுக்கும் மேலே. டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னி இவ்வளவு தூரம் ஓடாது!

நம்ம சிலபஸ் என்ன சொல்கிறது?

ரிலையபிலிட்டி பாடத்தை இன்டர்னலுக்கு முந்தின நாள் படித்தவர்களுக்கும் இது ஞாபகம் இருக்கும். ஸ்டாண்ட்பை இரண்டு வகை. கோல்ட் ஸ்டாண்ட்பை: ஆஃப் ஆகி ஓரமாக இருக்கும், தேவைப்படும்போது ஸ்டார்ட் பண்ணணும். ஹாஸ்டல் ஜெனரேட்டர் மாதிரி. கரன்ட் போனதும் அதற்கு டீசல் இருக்கா, ஸ்டார்ட் ஆகுமா என்று கவலைப்படுவோமே, அதுதான். ஹாட் ஸ்டாண்ட்பை: எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். மெயின் நின்ற நொடியே இது எடுத்துக்கொள்ளும்.

ஆறு வாரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, செமி ஃபைனலில் இறக்கி, "ஏன்டா மிஸ் பண்ணின?" என்று கேட்பது கோல்ட் ஸ்டாண்ட்பை. என் செகண்ட் இயர் கதை அதுதான். ஒரு டோர்னமென்ட்டில் மூன்று மேட்ச் பெஞ்ச், நாலாவது மேட்ச்சில் கடைசி எட்டு நிமிஷம் இறங்கினேன். கோல்கீப்பர் மட்டும்தான் எதிரே. கால் மரத்த மாதிரி இருந்தது. பந்து வெளியே போய்விட்டது. இன்னும் சில ராத்திரி அது கனவில் வரும்.

இன்னொரு கணக்கு. மெயின் ஸ்ட்ரைக்கர் ஒரு மேட்ச்சில் சரியாக ஆட 80 சதவீதம் வாய்ப்பு, பேக்கப்புக்கு 70 சதவீதம் என்று சும்மா வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் சொதப்ப வாய்ப்பு 0.2 × 0.3 = 0.06. வெறும் 6 சதவீதம். சூப்பர் இல்லையா?

இல்லீங்க. அந்தப் பெருக்கல் செல்லணும் என்றால் இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் சாராமல் இருக்கணும். மிட்ஃபீல்டிலிருந்து பந்தே வரவில்லை என்றால் இரண்டு பேரும் ஒன்றாகப் படுத்துவிடுவார்கள். ஒரே லைனிலிருந்து கரன்ட் எடுக்கிற இரண்டு மோட்டார் மாதிரி. ஃபியூஸ் போனால் இரண்டும் நிற்கும். அதனால் பேக்கப் எடுக்கும்போது பார்க்க வேண்டியது, மெயின் ஆள் எதனால் தோற்பாரோ அதே காரணத்தால் இவரும் தோற்பாரா என்பதுதான். கிராஸ் வந்தால்தான் கோல் அடிப்பார் என்கிற ஆளுக்கு, அதே மாதிரி கிராஸுக்குக் காத்திருக்கிற ஆளை பேக்கப்பாக எடுப்பதில் பிரயோஜனமே இல்லை.

ஐ.எஸ்.எல் கிளப்புக்கு என்னென்ன வழி?

முதலில் ஒரு கட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ளணும். 2021-22-இலிருந்து மைதானத்தில் ஒரே நேரத்தில் நாலு வெளிநாட்டு வீரர்தான். அதற்கு முன்பு ஐந்து. டீமில் பதிவு செய்வது ஆறு பேர் வரை. சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. இதை மனதில் வைத்து ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

வெளிநாட்டு பேக்கப்: தரம் இருக்கலாம். ஆனால் ஆறு இடத்தில் ஒன்று போய்விடும். அதே இடத்தில் ஒரு நல்ல சென்டர்-பேக்கோ மிட்ஃபீல்டரோ வந்திருக்கலாம். அவரை இறக்கணும் என்றால் பெரும்பாலும் இன்னொரு வெளிநாட்டு ஆளை வெளியே எடுக்கணும். வெயில், ஈரப்பதம், பயணம் எல்லாம் பழகுவதற்குள் பாதி சீசன் முடிந்துவிடும்.

அனுபவமுள்ள இந்திய வீரர்: 2017-18-இல் ரஃபிக்கு வயசு 35. 2016 ஐ.எஸ்.எல் ஃபைனலில் கேரளாவுக்காக கோல் அடித்தவர். இந்த மாதிரி ஆள் பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார், பெரிய மேட்ச்சுக்குப் பயப்பட மாட்டார். மூன்றாவது வகை வேலைக்கு அருமை. ஆனால் மெயின் ஆளுக்கு இரண்டு மாசம் காயம் என்றால் வாரா வாரம் 90 நிமிஷம் தாங்குவாரா என்பது சந்தேகம்.

ஜனவரி லோன்: வினீத் மாதிரி. கைச்செலவு கம்மி, ஆளும் தெரிந்த ஆள். ஆனால் ஜனவரியில் தேடுகிறோம் என்றாலே ஆகஸ்ட்டில் தப்பு பண்ணிவிட்டோம் என்று அர்த்தம். கண்மாய் உடைந்த பிறகு மண்மூட்டை தேடுகிற கதை.

இளம் வீரர்: ரஹீம் அலி ஞாபகம் இருக்கா? 2017 அண்டர்-17 உலகக் கோப்பை இந்திய அணியில் இருந்தவர், பிறகு பல சீசன் சென்னையினில். பல மேட்ச்சில் பெஞ்சிலிருந்துதான் வந்தார். இளம் ஆளின் பலம், அவர் வளர்வார். பலவீனம், அவர் தப்பு பண்ணும்போது நாம் பொறுத்துக்கொள்ளணும். பொறுமை என்பது ரசிகர்களாகிய நம்மிடம்தான் ரொம்பக் கம்மி.

விங்கரை மாற்றி ஆட வைப்பது: செலவே இல்லை. வேகம் இருக்கும். ஆனால் கோல்போஸ்ட்டுக்கு முதுகைக் காட்டி, பின்னால் டிஃபென்டர் தள்ளிக்கொண்டிருக்க, பந்தைப் பிடித்து நிற்பது வேறு கலை. பத்து நிமிஷம் சமாளிக்கலாம், சீசனைச் சமாளிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. பேக்கப் ஆட்களின் ஸ்டாட்ஸைப் பார்த்து ஏமாறாதீங்க. "400 நிமிஷத்தில் 4 கோல், 100 நிமிஷத்துக்கு ஒன்று!" என்று யாராவது சொன்னால் உள்ளே போய்ப் பாருங்க. ஒன்று பெனால்டி, ஒன்று டிஃபென்டர் மேல் பட்டுத் திரும்பியது என்றால் மிச்சம் இரண்டுதான். கோல் எண்ணிக்கையைவிட, பாக்ஸுக்குள்ளிருந்து எத்தனை ஷாட், எந்த இடத்திலிருந்து என்று பார்ப்பது நல்லது. இதைத்தான் எக்ஸ்பெக்டட் கோல்ஸ் என்று கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு ஷாட்டும் கோல் ஆக எவ்வளவு வாய்ப்பு என்று 0-விலிருந்து 1-க்குள் ஒரு எண் கொடுப்பார்கள். பெனால்டிக்கு முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே, தூரத்திலிருந்து அடிக்கிற ஷாட்டுக்கு அதில் மிகச் சின்னப் பங்குதான். நல்ல இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர் இன்றைக்கு மிஸ் பண்ணினாலும் நாளைக்கு அடிப்பார்.

என் முடிவு

ஒரு ஐ.எஸ்.எல் கிளப்பின் மேனேஜர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தால், மெயின் ஸ்ட்ரைக்கர் வெளிநாடு என்றால் பேக்கப் இந்தியர், அதுவும் இளம் ஆள். மெயின் ஆளிடமிருந்து வேறுபட்ட ஸ்டைல். முக்கியமாக, டீம் நன்றாக ஆடும்போதே அவருக்கு மேட்ச்சுக்கு 20 நிமிஷம். எரிகிற வீட்டில் முதல் பாடம் நடத்தக்கூடாது.

இதில் கிளப்பையும் தாண்டி ஒரு விஷயம் இருக்கு. சுனில் சேத்ரி 2024 ஜூனில் இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். 2025 மார்ச்சில் 40 வயசில் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்து மாலத்தீவுக்கு எதிராக கோலும் அடித்தார். 2024-25 ஐ.எஸ்.எல்-இல் அவர் அடித்தது 14 கோல், இந்தியர்களில் அதிகம். ஒட்டுமொத்தமாக முதல் இடம் மொராக்கோவின் அலாவுதீன் அஜாரே, 23 கோல். சேத்ரியை நினைத்துப் பெருமைப்படலாம். ஆனால் 140 கோடிப் பேர் இருக்கிற நாட்டில் 40 வயசு ஆளை ஏன் திரும்பக் கூப்பிட வேண்டி வந்தது? பல கிளப்பில் நம்பர் 9 வெளிநாட்டு ஆள்தான். இந்திய ஸ்ட்ரைக்கருக்குத் திறந்திருக்கிற கதவு அந்த பேக்கப் இடம் மட்டுமே. அந்த இடத்தையும் டிக்கி ஸ்டெப்னியாக வைத்திருந்தால் அடுத்த சேத்ரி எங்கிருந்து வருவார்?

சரி, அம்பகரத்தூருக்கு வருவோம். குரூப்பில் இவ்வளவையும் டைப் பண்ணவில்லை, அடித்திருப்பார்கள். சுருக்கமாக எழுதினேன். கெஸ்ட் பிளேயர் வேண்டாம், அந்தக் காசில் இரண்டு நல்ல பந்து வாங்கலாம். மாமா கடைசிப் பத்து நிமிஷத்துக்கு இருக்கட்டும், ஒரு ஹெடருக்கு அவரை அடிக்க ஆள் இல்லை. பேக்கப் அந்த பிளஸ் ஒன் தம்பி. ஆனால் ஒரு கண்டிஷன்: அண்ணன் வருகிற ஞாயிற்றுக்கிழமையிலும் செகண்ட் ஹாஃப் தம்பிக்குத்தான்.

"அப்ப நீ?" என்று ஒருத்தன் கேட்டான். நான் விங்கில் இருக்கேன், தம்பிக்கு கிராஸ் போடுறேன் என்று அனுப்பினேன். அனுப்புவதற்கு முன்னால் இரண்டு தடவை அழித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்பர் 9 ஆசை யாருக்குத்தான் இல்லை?

அடுத்த ஞாயிறு அண்ணன் ஃபர்ஸ்ட் ஹாஃப் ஆடிவிட்டு, ஜெர்ஸியைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்தார். தம்பி அன்றைக்கு இரண்டு நல்ல சான்ஸ் மிஸ் பண்ணினான். இரண்டுமே பாக்ஸுக்குள், சரியான இடத்திலிருந்து. வரப்பில் உட்கார்ந்திருந்த ஆட்கள் திட்டினார்கள். நான் திட்டவில்லை. மே மாசத்துக்கு இன்னும் நாள் இருக்கு.